அண்டா கணக்கு பிரவுசருக்குப் போன கதை

மாமாவின் வாடகைப் பாத்திரக் கடை கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கடைத்தெருவில் இருக்கிறது. அண்டா, தவலை, இட்லிக் கொப்பரை, தாம்பாளம், சாம்பார் வாளி, பந்தி மேசை, ஜமக்காளம், 1,400 பிளாஸ்டிக் நாற்காலி. குடோன் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி. சாமான் போய் இறங்குவது ஏதாவது ஒரு மண்டபத்தில். கடையில் இருக்கும் கம்ப்யூட்டர் ஒரு கணக்குச் சொல்லும். குடோனில் நூல் கட்டித் தொங்கும் நோட்டு இன்னொன்று சொல்லும். வண்டிக்கார அண்ணனின் ஞாபகம் மூன்றாவது கணக்கு.

போன வருஷம் ஆவணியில், ஒரே முகூர்த்தத்துக்கு அதே 300 நாற்காலியை இரண்டு வீட்டுக்குப் பேசிவிட்டார்கள். பக்கத்து ஊர்க் கடையில் கூடுதல் வாடகைக்கு எடுத்துக் கொடுத்து மாமா மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார். அன்று ராத்திரிதான் கேட்டார்: “மாப்ள, இதைப் போன்ல பாக்குற மாதிரி பண்ணித் தர முடியாதா?”

முடியும் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கீழே.

கடையில் ஓடிக்கொண்டிருந்தது விஷுவல் பேசிக் 6 என்ற பழைய நிரல்மொழியில் எழுதிய ஒரு புரோகிராம். விஷுவல் பேசிக் 6 வந்தது 1998-இல். இந்தப் புரோகிராமை 2004-இல் ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விட்டார். குறை சொல்ல ஒன்றும் இல்லை, நன்றாகவே எழுதியிருந்தார். கணக்கு எழுதும் அக்கா அதில் மௌஸைத் தொட்டே நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் என்டர், சேமிக்க எஃப்-5, பில் அடிக்க எஃப்-9. ஒரு ஆர்டரை 40 வினாடியில் போட்டு முடிப்பார். அதை ஒரு காகிதத்தில் குறித்து மேசையில் ஒட்டிக்கொண்டேன். புதிதாகச் செய்வது இதைவிட மெதுவாக இருந்தால் அக்கா இதைத் தொடமாட்டார், நான் எத்தனை சாதகம் பேசினாலும்.

அதே புரோகிராமைக் குடோனிலும் போட்டுக் கேபிள் இழுக்கலாமா என்று முதலில் யோசித்தோம். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு யார் கேபிள் இழுப்பது? மொபைல் ஆப் என்றால், வீட்டில் எல்லோரிடமும் ஆண்ட்ராய்டு, மாமா பையனிடம் ஐபோன், கடையில் விண்டோஸ். மூன்றுக்கும் எழுதி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆறு போனையும் வாங்கி அப்டேட் செய்துகொண்டிருக்க எனக்கு நேரமில்லை. பிரவுசர் எல்லாவற்றிலும் ஏற்கெனவே இருக்கிறது. எப்போதும் இணையத்தில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டரில், அதாவது சர்வரில், ஒரு பிரதி, கணக்கைச் சேர்த்து வைக்க ஒரு டேட்டாபேஸ். எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள்.

இன்டர்நெட் போனால் கணக்கும் போகும் என்பதை முதல் நாளே மாமாவிடம் சொன்னேன். “கரண்ட் போனா பழசும் ஓடாதேடா” என்றார். அவர் சொன்னது பாதிதான் சரி. மீதிப் பாதிக்கு நான் பின்னால் ஒரு மாதம் வேலை பார்த்தேன்.

சாமான்கள் சாதாரணமானவை: எழுதப் பைத்தான் மொழி, அதில் வெப் ஆப் கட்ட ஜாங்கோ, டேட்டாபேஸுக்குப் போஸ்ட்கிரெஸ், மாதம் 500 ரூபாய்ச் சுமாருக்கு ஒரு சின்ன வாடகை சர்வர். பக்கங்களைச் சர்வரிலேயே முழு எச்டிஎம்எல்லாக, அதாவது பிரவுசர் நேரே காட்டக்கூடிய பக்கமாக, தயார் செய்து அனுப்புகிறேன். இப்போதைய வழக்கப்படி எல்லாவற்றையும் பிரவுசருக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்டில் எழுதிப் பிரவுசரின் தலையில் கட்டவில்லை. குடோன் அண்ணனின் போனில் ராம் 2 ஜிபி. சேமிப்பிலும் அவருடைய பேத்தியின் படங்கள் போக இடம் இருப்பதே பெரிசு. பட்டியல், படிவம், பொத்தான் என்பதற்கு மேல் இந்தக் கடைக்கு எதுவும் தேவைப்படவும் இல்லை.

டேட்டாபேஸ் வடிவமைப்பில் ஒரே ஒரு முடிவை மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். ‘இருப்பு’ என்று ஒரு எண்ணை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. மொத்தம் எத்தனை, அந்த நாளில் எந்தெந்த ஆர்டரில் எத்தனை வெளியே போகிறது, இவற்றைக் கழித்துப் பார்த்துத்தான் மீதி சொல்லும். இருப்பு எண்ணைத் தனியாக வைத்துக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தால், யாராவது ஒரு ஆர்டரை ரத்து செய்யும்போது ஒரு இடத்தில் மறந்து, என்றைக்காவது 12 அண்டா காற்றில் கரைந்துவிடும். பழைய புரோகிராமில் அப்படிக் கரைந்த அண்டாக்கள் இருந்தன.

நாள் கணக்கிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நாற்காலி சாயங்காலம் திரும்பி வந்தால் மறுநாள் காலை போகலாம். பித்தளைச் சாமான் அப்படி இல்லை. புளி போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவைக்க முழுசாக ஒரு நாள் வேண்டும். அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் ‘ஓய்வு நாள்’ என்று ஒரு கட்டம் வைத்தேன். இது குடோன் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூன்று நாள் நான் குடோனில் சும்மா உட்கார்ந்திருந்ததில் கிடைத்தது இது.

சரி, இனி சறுக்கின இடங்கள்.

முதல் சோதனையில் நானும் மாமா பையனும் வேண்டுமென்றே ஒரே நேரத்தில் அதே 300 நாற்காலிக்கு ஆர்டர் போட்டோம். இரண்டுமே ஏறிவிட்டன! ஆவணியில் மனிதர்கள் செய்த தப்பை இப்போது புரோகிராம் செய்தது. காரணம் எளிது. என் நிரல் முதலில் மீதியைப் பார்த்தது, இருக்கிறது என்றால் எழுதியது. பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் உள்ள சந்தில் இன்னொருவர் நுழைந்துவிட்டார். ஒரே கம்ப்யூட்டர், ஒரே அக்கா என்று இருந்தவரை இந்தச் சந்தே கிடையாது. பல பேர் ஒரே கணக்கில் கைவைக்கலாம் என்ற சாதகத்தின் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு வருகிற தொந்தரவு இது. டேட்டாபேஸில் நாற்காலிக்கு உரிய வரியைப் பூட்டிவிட்டுப் பார்ப்பது, எழுதி முடித்ததும் பூட்டைத் திறப்பது என்று மாற்றினேன். போஸ்ட்கிரெஸில் ‘செலக்ட் ஃபார் அப்டேட்’ செய்வது இதைத்தான். இரண்டாவது ஆள் ஒரு நொடியில் சிறு பங்கு காத்திருப்பார், அப்புறம் “மீதி 0” என்ற உண்மையைப் பார்ப்பார்.

அடுத்தது மாமா. பெண் வீட்டில் உட்கார்ந்து ஆர்டர் போட்டார். அங்கே சிக்னல் ஒரு கோடுதான். ‘சேமி’யைத் தட்டினார், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினார். மறுபடியும். சர்வருக்கு மூன்றும் வந்து சேர்ந்தன, பதில்தான் திரும்பப் போகவில்லை. ஒரே கல்யாணத்துக்கு மூன்று ஆர்டர், 900 நாற்காலி. கடையில் அக்கா, “அந்தத் தேதிக்கு நாற்காலியே இல்லைங்க” என்று இரண்டு வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பிவிட்டார். பொத்தானை ஒரு முறை தட்டியதும் முடக்கி வைத்தால் போதும் என்று முதலில் நினைத்தேன். பக்கத்தை மூடித் திறந்தால் அந்தத் தடுப்பு போய்விடும். இப்போது ஒவ்வொரு படிவமும் திறக்கும்போதே தனக்கென ஒரு சீட்டு எண்ணோடு வருகிறது. அதே எண்ணில் இரண்டாவது முறை வந்தால் சர்வர் புதிதாக எழுதாமல் பழைய ஆர்டரையே காட்டும். பத்து முறை தட்டினாலும் ஒன்றுதான்.

இதைவிட என்னை அலைக்கழித்தது பிரம்ம முகூர்த்தம். பகல் கல்யாணம் எல்லாம் சரியான தேதியில் விழுந்தது. விடியற்காலை 4:30 முகூர்த்தம் மட்டும் முந்தின நாளில் போய் உட்கார்ந்தது. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். பிரவுசரில் நான் பயன்படுத்தின ஜாவாஸ்கிரிப்ட் வழி, தேதியை எழுத்தாக மாற்றும்போது உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிடும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே. திங்கள் காலை 4:30 என்பது அங்கே ஞாயிறு இரவு 11:00. நான் அதில் தேதியை மட்டும் வெட்டி எடுத்திருந்தேன். 5:30-க்கு முந்தின எந்த நேரமும் இப்படித்தான் ஆகும். என்னைப்போல பத்து மணி அலுவலகத்துக்கு நிரல் எழுதிப் பழகினவனுக்கு இது கண்ணில் படவே படாது. கல்யாணத் தேதி உலக நேரத்தில் ஒரு கணம் இல்லை, காலண்டரில் ஒரு தாள். அதை வெறும் தேதியாகவே வைத்து, மணியைத் தனிக் கட்டத்தில் போட்டுவிட்டேன்.

அக்கா வந்து உட்கார்ந்த நாள் தனிக் கதை. 22 வரி ஆர்டர் ஒன்றை வேகமாக அடித்தார். முதல் கட்டத்திலேயே என்டர் தட்டினார், படிவம் பாதியில் சர்வருக்குப் போய்ச் சிவப்பாகத் திரும்பி வந்தது. பிரவுசரில் என்டர் என்றால் அனுப்பு. அதை எப்படியோ சமாளித்து 22 வரியையும் முடித்தார். முடித்துவிட்டு, 20 வருஷப் பழக்கத்தில், எஃப்-5. பக்கம் புதுசாகத் திறந்தது, எல்லாம் காலி. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்ப் பழைய கம்ப்யூட்டரை ஆன் செய்தார்.

அன்று ராத்திரியே என்டரை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தும்படி மாற்றினேன். எஃப்-5-ஐப் பிடித்துச் சேமிக்க வைத்தேன், பிரவுசர் அதற்கு விடும். கன்ட்ரோல்-என், கன்ட்ரோல்-டபிள்யூ போன்றவற்றைச் சாதாரண பிரவுசர் தாவலில் (டேப்) விடாது, அவை பிரவுசருக்கே சொந்தம். கூடவே, அடிக்க அடிக்க வரைவு அந்தக் கம்ப்யூட்டரிலேயே சேமிக்கப்படும்படி செய்தேன். மறுநாள் அக்கா 55 வினாடி. ஒரு வாரம் கழித்து 45. அந்த 40-ஐ இதுவரை தொடவில்லை. ஒவ்வொரு சேமிப்பும் சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டும், அந்தத் தூரத்தை நான் எதுவும் செய்ய முடியாது.

இதற்கு நடுவில் ஒரு நல்லதும் நடந்தது. குடோன் அண்ணன் போனில், “ஜல்லிக்கரண்டி பெரிசு, சின்னது ரெண்டும் ஒரே பேர்ல வருது தம்பி” என்றார். பேசிக்கொண்டே மாற்றிவிட்டு, “இப்ப பாருங்கண்ணே” என்றேன். பார்த்தார், சரியாக இருந்தது. இந்த வசதி புதிதில்லை. 1995-இல் பால் கிரகாமும் ராபர்ட் மோரிஸும் தொடங்கிய வயாவெப், பிரவுசர் வழியாகவே ஆன்லைன் கடை கட்டித் தந்த ஆரம்பகால நிறுவனங்களில் ஒன்று. 1998-இல் அதை யாஹூ வாங்கியது. தப்பைச் சர்வரில் ஒரு இடத்தில் திருத்தினால் அடுத்த நிமிடம் எல்லோருக்கும் திருந்திவிடும் என்ற வசதி அவர்களுக்கு அப்போதே கைவந்திருந்தது. அதே வசதியில் ஒரு ஆபத்தும் உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் செய்த ஒரு திருத்தம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பில் பக்கத்தை உடைத்தது. வெள்ளிக்கிழமை திருத்தம் இல்லை என்பது இப்போது வீட்டு விதி. முகூர்த்தத்துக்கு முந்தின நாளும் இல்லை.

பழைய வாடிக்கையாளர் பெயர்களை ஏற்றுவது ஒரு மாலை வேலை என்று எண்ணியிருந்தேன். பத்து நாள் ஆயிற்று. பழைய புரோகிராமில் பெயர்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவை. திரையில் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்து. ‘அம்மா’ என்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றாமல் பிரவுசரில் காட்டினால் பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்கும். எழுத்துக்கு எழுத்து மாற்றினாலும் போதாது. பாமினியில் கொம்பு மெய்க்கு முன்னால் வரும், யூனிகோடில் பின்னால். ‘கொ’ அங்கே கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. இங்கே க-வும் ஒரே குறியும். அதனால் நீளமான சேர்க்கைகளை முதலில் மாற்றிவிட்டு, அப்புறம் தனி எழுத்துகளுக்கு வர வேண்டும்.

இதெல்லாம் முடிந்தும் கௌரி என்று தேடினால் ஒருவரும் கிடைக்கவில்லை. கடைக்கு ஆறு கௌரி உண்டு என்று அக்கா சத்தியம் செய்தார். பாமினியில் ஔகாரத்தின் பின் துண்டுக்கு ‘ள’ எழுத்தையே போடுவார்கள். ஆகவே எல்லா கௌரியும் ‘கெளரி’யாக ஏறியிருந்தார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. கொம்பு போட்ட மெய்க்குப் பின் வரும் ‘ள’ மேல் புள்ளியோ வேறு குறியோ இருந்தால் அது ‘வெள்ளி’, ‘தெளிவு’ மாதிரி உண்மையான ள. ஒன்றும் இல்லாமல் மொட்டையாக இருந்தால் ஔகாரம். இந்த ஒரு விதியில் கௌரி, சௌந்தரம், கௌதமன் எல்லோரும் திரும்பி வந்தார்கள். அகர வரிசையும் ஒருமுறை தகராறு செய்தது. யூனிகோடின் எண் வரிசையில் ‘ன’ நம் பழக்கப்படி கடைசியில் வராமல் ‘ப’வுக்கு முன்பே வந்துவிடும். போஸ்ட்கிரெஸில் ஐசியூ என்ற மொழி நூலகத்தின் தமிழ் வரிசையைச் சொல்லிக் கொடுத்ததும் அடங்கியது.

பில் அச்சு சுருக்கமாக: 80 மில்லிமீட்டர் தெர்மல் பிரிண்டருக்குத் தமிழ் எழுத்து தெரியாது, பழைய பில் ஆங்கிலத்தில்தான் வந்தது. பிரவுசர் பக்கத்தைப் படமாக, பிரிண்டரை இயக்கும் டிரைவர் மென்பொருள் வழியே அனுப்புவதால் ‘இட்லிக் கொப்பரை’ என்று அழகாக வந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் அச்சுப் பெட்டி திறந்து கேள்வி கேட்கும். குரோம் பிரவுசரைக் ‘கியோஸ்க் பிரிண்டிங்’ அமைப்பில் திறந்தால் கேட்காது.

இப்போது மாமாவின் அந்தப் பாதிச் சரிக்கு வருகிறேன். மண்டபத்தின் சமையல் கட்டு பெரும்பாலும் கீழ்த்தளத்தில் அல்லது பின்னால் தகரக் கொட்டகையில். சாமான் எண்ணித் திரும்ப வாங்குகிற இடம் அதுதான், அங்கே சிக்னல் சுத்தமாகக் கிடையாது. எந்த இடத்தில் கணக்கு மிகவும் தேவையோ அங்கே வெப் ஆப் வெள்ளைப் பக்கம் காட்டியது.

முழு ஆப்பையும் ஆஃப்லைனில் ஓட வைக்க நான் முயலவில்லை. அப்படிச் செய்தால் இரண்டு பேர் நெட் இல்லாமல் அதே நாற்காலியைப் பதிவு செய்து, பின்னால் இரண்டும் வந்து மோதும். மறுபடி ஆவணி. புதிய ஆர்டருக்கு நெட் கட்டாயம் என்று வைத்தேன். திரும்ப வாங்கும் பட்டியலுக்கு மட்டும் ஆஃப்லைன். ஒரு ஆர்டரின் சாமானை ஒருவர்தான் எண்ணுவார், மோதல் கிடையாது. வண்டி கிளம்பும்முன் அன்றைய பட்டியலைச் சர்வீஸ் வொர்க்கர் (நெட் இல்லாதபோதும் பிரவுசரில் வேலை செய்யும் சின்ன நிரல்) போனில் இறக்கி வைத்துக்கொள்ளும். எண்ணியதை பிரவுசருக்குள்ளேயே இருக்கும் சின்ன டேட்டாபேஸில் சேர்த்து வைத்து, சிக்னல் வந்ததும் அனுப்பும்.

‘வந்ததும்’ என்பதைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. நெட் இருக்கிறதா என்று பிரவுசரைக் கேட்டால் இருக்கிறது என்று சொல்லும். உண்மையில் அதற்குத் தெரிந்தது ஏதோ ஒரு நெட்வொர்க்கோடு இணைந்திருக்கிறது என்பது மட்டுமே. மண்டபத்தின் வைஃபை ரௌட்டர் எரிந்துகொண்டிருக்கும், பின்னால் இணைப்பு இருக்காது. அதனால் சர்வரையே ஒரு முறை தொட்டுப் பார்த்து, பதில் வந்தால்தான் நம்புகிறேன். திரையின் மேல் பெரிதாக “இன்னும் 3 அனுப்பவில்லை” என்று மஞ்சளில் காட்டும். அது பச்சையாகும்வரை வண்டிக்கார அண்ணன் போனை அணைப்பதில்லை. மாமா பையனின் ஐபோனில் இன்னொரு எச்சரிக்கை. ஐபோனின் பிரவுசரான சஃபாரியைப் பயன்படுத்திய ஏழு நாளில் ஒரு தளத்தைத் தொடவே இல்லை என்றால், அந்தத் தளம் உள்ளே சேர்த்து வைத்ததை அது அழித்துவிடும். ஹோம் ஸ்கிரீனில் சேர்த்த ஆப்புக்கு அந்த விதி இல்லை. சேர்க்கச் சொல்லிவிட்டேன்.

பூட்டு விஷயம். பழைய கணக்குக்குப் பாதுகாப்பு கடை ஷட்டர்தான். சர்வரை இணையத்தில் வைத்த ஒரு மணி நேரத்துக்குள் எங்கிருந்தோ யார் யாரோ கதவைத் தட்டினதைச் சர்வரின் பதிவேட்டில் (லாக்) பார்த்தேன். இணையதளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸை நான் போடவே இல்லை, அதன் லாகின் பக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தானியங்கி நிரல்கள், நம்மைத் தேடி வந்தவை இல்லை, எல்லா வீட்டுக் கதவையும் தட்டிப் பார்ப்பவை. அதற்கு வழக்கமான ஏற்பாடுகள் போதும்: போகிற வருகிற தகவலைப் பூட்டி அனுப்பும் எச்.டி.டி.பி.எஸ்., நல்ல கடவுச்சொல், அப்டேட். எச்.டி.டி.பி.எஸ். சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது, ஆயுள் 90 நாள், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி வைத்தாயிற்று. சர்வீஸ் வொர்க்கருக்கும் இது இல்லாமல் நடக்காது.

நான் உண்மையில் வெட்கப்பட்டது வேறொன்றுக்கு. வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் பில் இணைப்பு (லிங்க்) அனுப்பினோம், அதன் முடிவில் 1042 என்று பில் எண் இருக்கும். ஒரு வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “1043 போட்டுப் பார்த்தேன் தம்பி, சம்பந்தி வீட்டு பில் வந்துச்சு. அவங்களுக்கு மட்டும் 10 பர்சன்ட் குறைச்சிருக்கீங்களே?” மாமா தள்ளுபடியை அவருக்கும் கொடுத்தார். நான் எண்ணை எடுத்துவிட்டு ஊகிக்க முடியாத நீண்ட எழுத்துச் சரத்தைப் போட்டேன்.

மாற்றத்தை ஆடியில் வைத்துக்கொண்டோம். கல்யாணம் கிடையாது. ஆனால் அம்மன் கோயிலில் கூழ் ஊற்ற அண்டாவும் வாளியும் போகும், அதனால் உண்மையான வேலை கொஞ்சம் இருக்கும். நாலு வாரம் பழையதிலும் புதியதிலும் இரண்டு முறை எழுதினார் அக்கா. ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டையும் ஒப்பிட்டோம். மூன்றாவது வாரம் ஒரு தவலை வித்தியாசம் வந்தது. தேடினதில் தவலை குடோனில் உத்தரத்துக்கு மேல் இருந்தது, இரண்டு கணக்குமே தப்பு.

ராத்திரி இரண்டு மணிக்கு டேட்டாபேஸ் நகல் வேறொரு ஊரில் உள்ள இடத்துக்குப் போகிறது. மாதம் ஒரு முறை அந்த நகலை என் லேப்டாப்பில் திறந்து பார்க்கிறேன். முதல் தடவை திறக்கவில்லை. சர்வரில் இருந்த போஸ்ட்கிரெஸ் பதிப்பு புதியது, என் லேப்டாப்பில் பழையது.

இந்த ஆவணியில் முதல் பெரிய முகூர்த்தத்தன்று ரோடு தோண்டினவர்கள் கேபிளை வெட்டிவிட்டார்கள். கடையில் நெட் இல்லை. நான் போனை ஹாட்ஸ்பாட் ஆக்கிக்கொண்டு வேர்க்க வேர்க்கக் கடைக்கு ஓடினேன். அக்கா நிதானமாக மேசை டிராயரிலிருந்து நாலு தாளை எடுத்தார். தினமும் ராத்திரி எட்டு மணிக்கு மறுநாள் பட்டியலை அச்சடித்து வைத்துக்கொள்கிறாராம், முதல் வாரத்திலிருந்தே. என்னிடம் சொல்லவில்லை.

அந்த எட்டு மணி அச்சை இப்போது தானாக வரும்படி செய்திருக்கிறேன். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்லியிருக்கிறார்.